எல்இடி பல்பு: மிச்சமாகுற கரண்டு எங்க இருந்து வருது?

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் தக்கலை பக்கம் பல்பு, மோட்டார், மிக்ஸி ரிப்பேர் பாக்குறவன், இன்னைக்கு எல்இடி பத்தி பேசக் கூப்பிட்டிருக்காங்க.

குலசேகரம், அருமனை பக்கம் விடியமுன்ன போனீங்கன்னா ரப்பர் தோட்டத்துக்குள்ள வெளிச்சம் மரத்துக்கு மரம் நகந்துகிட்டு போறத பாக்கலாம், பால்வெட்டுத் தொழிலாளிங்க தலையில மாட்டியிருக்க ஹெட்லைட்டு அது. முன்ன அதுக்குள்ள குட்டி குண்டு பல்புதான், பேட்டரி சீக்கிரம் எறங்கிரும், வெளிச்சம் மங்குனா பட்டையில கத்தி ஆழமா பட்டு மரத்துக்கு காயம். இப்ப எல்இடி வந்தபெறகு ஒரு தடவ சார்ஜ் போட்டா போதும், தோட்டம் முழுக்க வெட்டி முடிச்சிரலாம்.

வித்தியாசம் எங்கன்னா, குண்டு பல்புல டங்ஸ்டன் கம்பிய பழுக்கக் காச்சித்தான் வெளிச்சம் எடுக்கோம், உள்ள போற கரண்டுல நூத்துக்கு 90 பங்குக்கு மேல சூடாவே போயிருது. எல்இடில காச்ச வேண்டிய கம்பியே கிடையாது, ரெண்டு விதமான குறைகடத்தி, அதாவது செமிகண்டக்டர், ஒட்டியிருக்கும், ஒண்ணுல எலக்ட்ரான் மிச்சம், இன்னொண்ணுல எலக்ட்ரானுக்கு காலி எடம், கரண்டு குடுத்தா எலக்ட்ரான் அந்தக் காலி எடத்துல போய் விழும், படியிலேருந்து கீழ எறங்குன மாதிரி, அப்ப விடுற சக்திதான் வெளிச்சம். படி எவ்வளவு உயரமோ அதுக்கேத்த நிறம். செவப்பு 1962-லயே வந்தாச்சு, ஆனா நீலத்துக்கு 30 வருஷம் ஆச்சு, காலியம் நைட்ரைடுங்கிற பொருள சரியா வளக்கிறது அவ்வளவு பாடு. அத செஞ்ச அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014-ல நோபல் பரிசு. வீட்டு வெள்ளை பல்புக்குள்ள இருக்கதும் அந்த நீலச் சிப்புதான், மேல பூசியிருக்க மஞ்சள் பொடியோட சேந்து வெள்ளையா தெரியுது.

கணக்கு பாத்துக்கிடுங்க. 60 வாட்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிஞ்சா மாசம் 9 யூனிட்டு, அதே வெளிச்சம் தர 9 வாட்டு எல்இடிக்கு ஒண்ணே கால் யூனிட்ட விட கொஞ்சம் கூட. முப்பந்தல்ல கரண்டு எடுக்க காத்தாடி சுத்துனாலும் காத்து வருஷம் முழுக்க ஒண்ணுபோல அடிக்காதுல்லா, பாக்கிய ஈடுகட்ட நிலக்கரிதான் எரியுது, நம்ம நாட்டு சராசரிக்கு ஒரு யூனிட்டுக்கு சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு. அப்ப ஒரு பல்புல மாசம் 5 கிலோவுக்கு மேல கொறையுது. சிஎஃப்எல், ட்யூப்லைட்டுல உள்ள பாதரசமும் இதுல இல்ல.

ஆனா "ஒரு வருஷத்துல போச்சு"ன்னு கடைக்கு கொண்டு வாறவங்க நெறைய. மேல மூடிய கழத்துனா வரிசையா சிப்பு, அதுல ஒண்ணுல மட்டும் கடுகு அளவுல கருத்த புள்ளி. எல்லாம் ஒரே தொடர்ல இருக்கதுனால அந்த ஒண்ணு போனா மொத்தமும் அணையுது, பாக்கி சிப்பு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்! காரணம் சூடு. குண்டு பல்பு அளவுக்கு இல்லேன்னாலும் இதுக்கும் சூடு உண்டு, அது பின்பக்க அலுமினியம் வழியா வெளிய போகணும், காத்தே போகாத கண்ணாடி மூடிக்குள்ள மாட்டினா எங்க போகும்? அதனால தெறந்த ஹோல்டர்ல மாட்டுங்க, போனா குப்பையில போடாம ரிப்பேருக்கு குடுங்க. வாங்கும்போது வாட்ட மட்டும் பாக்காதீங்க, லுமென் பாருங்க, அதுதான் வெளிச்சத்தோட அளவு, 9 வாட்டுக்கு 900 பக்கம் இருந்தா நல்ல பல்பு.

கடலோரத்து மக்களுக்கு ஒரு விஷயம். பங்குனி ஆமை நம்ம கரையிலயும் முட்டையிட வருது, குஞ்சு பொரிஞ்சதும் வெளிச்சமா தெரியிற பக்கம்தான் போகும், கரையில வெள்ளை எல்இடி பளிச்சுன்னு இருந்தா கடல விட்டுட்டு ரோட்டுக்கு வந்துரும். கரண்டு செலவு கம்மின்னு விடிய விடிய எரிய விடுறதுதான் இதுல பெரிய கெடுதல். மாசியிலேருந்து சித்திரை வரைக்குமாவது கடலப் பாத்து இருக்க லைட்ட ராத்திரி அணைச்சிருங்க, அணைக்க முடியாத எடத்துல லைட்டோட தலைய கீழ திருப்பி, வெள்ளைய மாத்தி ஆரஞ்சு நெற பல்பு போடுங்க.