இன்சோம்னியா 1997, 2002: ஒரு நாயைச் சுட்டவரும் சுடாதவரும்

[எச்சரிக்கை அட்டை: ரெண்டு படத்தோட முடிவும் இதில் வருது]

கையில் கொலைகாரன் தவறவிட்ட துப்பாக்கி. அதிலிருந்து சதைக்குள்ள பாய்ந்த ஒரு குண்டு இப்போ தேவை. போலீஸ்காரர் சந்துக்குள்ள போறார். நார்வே படத்தில் அங்க ஒரு தெருநாய் உயிரோட நிக்குது, அதைச் சுட்டுக் கொல்றார். ஹாலிவுட் படத்தில் நாய் ஏற்கெனவே செத்துக் கிடக்குது. ரெண்டு படத்துக்கும் நடுவில் உள்ள தூரம் மொத்தமும் இந்த ஒரு மாற்றத்தில் இருக்கு.

[திரையில்: ரெண்டு போஸ்டரும் பக்கத்துப் பக்கத்தில்]

1997 படம் எரிக் ஷோல்ட்பியார்க் இயக்கின முதல் முழுநீளப் படம். ஸ்டெலன் ஸ்கார்ஸ்கார்ட் அதில் யோனஸ் எங்ஸ்ட்ரம்ங்கிற ஸ்வீடன்காரத் துப்பறிவாளர். ஒரு பள்ளி மாணவியின் கொலையை விசாரிக்க வட நார்வேயில் இருக்கிற ட்ரோம்ஸோவுக்கு வர்றார். 2002-ல் கிறிஸ்டோபர் நோலன் அதை அலாஸ்காவுக்குக் கொண்டுபோனார். திரைக்கதை ஹிலரி சைட்ஸ். நோலன் இயக்கின படங்களில் அவர் பேர் எழுத்தாளரா வராத ஒரே படம் இதுதான். எங்ஸ்ட்ரம் இடத்தில் அல் பசினோ, லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர் வில் டோர்மரா வர்றார்.

கதையோட எலும்புக்கூடு ஒண்ணுதான். கொலைகாரனுக்குப் பொறி வைக்கிறாங்க, அவன் பனிமூட்டத்துக்குள்ள ஓடுறான், துரத்திப் போறவர் தெரியாம தன் கூட்டாளியையே சுட்டுடுறார். பழி கொலைகாரன் மேல விழுது, இவர் மறுக்கலை. கூட்டாளி உடம்பிலிருந்து எடுத்த குண்டுக்குப் பதிலா வைக்கத்தான் நாய் உடம்பிலிருந்து அந்தக் குண்டு. ஆனா நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் அந்தக் கொலைகாரன்.

[திரையில்: பனிமூட்டக் காட்சி, ரெண்டு படத்திலிருந்தும்]

இங்க நார்வே படத்துக்கு மட்டுமே உள்ள ஒரு நுணுக்கம் இருக்கு. அந்தக் காலத்தில் நார்வே போலீஸ் வழக்கமா துப்பாக்கி வச்சுக்கலை. எங்ஸ்ட்ரம் இடுப்பில் இருக்கிறது ஸ்வீடனிலிருந்து கூடவே வந்த பழக்கம். அதனால உண்மையைச் சொன்னா, கூட்டாளியைச் சுட்டதோட கையில் ஏன் துப்பாக்கி இருந்ததுன்னும் பதில் சொல்லணும். பொய் சொல்ல அந்தச் சின்னக் காரணமே அவருக்குப் போதும். அலாஸ்காவில் எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி, அதனால அந்தக் காரணம் அங்க செல்லாது. வேற ஒண்ணு தேடியாகணும்.

தேடினது பெருசாவே இருக்கு. டோர்மரின் கூட்டாளி ஹாப், போலீஸ் துறையின் உள்விசாரணைக்கு ஒத்துழைக்கப் போறேன்னு சொல்லிடுறார். அவர் வாய் திறந்தா, குழந்தையைக் கொன்னவனைச் சிக்க வைக்க டோர்மர் போலிச் சாட்சியம் வச்சது வெளிய வரும். இப்போ பனிக்குள்ள நடந்தது விபத்தா, உள்மனசு செஞ்ச வேலையா? டோர்மருக்கே தெரியலை. ரீமேக் எப்பவும் மூலத்தை எளிமையாக்கும்னு சொல்றவங்க இந்த இடத்தைக் கவனிக்கணும். மூலப் படத்தில் இந்தக் கேள்வியே கிடையாது.

[திரையில்: ரெண்டு படத்தின் முதல் காட்சிகள்]

நோலன் முதல் ஃபிரேமிலேயே இதை விதைச்சுடுறார். பனிப்பாறைகளுக்கு நடுவில், துணி இழைகளில் ரத்தம் ஊறுற குளோசப். கொலையான பொண்ணோட ரத்தம்னு நினைச்சுப்போம். பிறகுதான் தெரியும், அது டோர்மர் பழைய வழக்கில் தன் கையால வச்ச ரத்தம். நார்வே படமோ கொலையையே கரகரப்பான ஃபிலிமில் காட்டித் தொடங்குது. எங்ஸ்ட்ரமின் கடந்த காலத்துக்கு விளக்கம்னு கிடைக்கிறது, ஒரு வழக்கின் சாட்சியோட நெருக்கமா இருந்து மாட்டினார்ங்கிற தகவல் மட்டும்தான். அந்தக் குணம் இங்கயும் தொடருது. விசாரிக்க வேண்டிய மாணவிகிட்ட காரில் எல்லை மீறுறார், ஹோட்டல் வரவேற்பாளரைப் பலவந்தப்படுத்தப் பார்க்கிறார்.

ரீமேக்கில் இது ரெண்டும் இல்லை. டோர்மர் மாணவியைக் காரில் ஏத்தி, எதிரே வர்ற லாரியை நோக்கி ஓட்டி மிரட்டுறார். ஹோட்டல்காரப் பெண்கிட்ட பாவமன்னிப்பு கேட்கிற மாதிரி எல்லாத்தையும் ஒப்புக்கிறார். நல்ல காட்சிதான், பசினோ பிரமாதமா செஞ்சிருக்கார். ஆனா அது நம்மை அவர் பக்கம் இழுக்கிறதுக்குன்னே எழுதினது. எங்ஸ்ட்ரம் யார்கிட்டயும் எதையும் ஒப்புக்கிறதில்லை.

[திரையில்: வரைபடம், ஆர்க்டிக் வட்டம் 66.5 டிகிரி]

வெளிச்சத்துக்கு வருவோம். ரெண்டு படத்திலும் போலீஸ்காரரைத் தூங்கவிடாதது, ராத்திரியிலும் இருட்டாத வெளிச்சம். ட்ரோம்ஸோ 69 டிகிரி வட அட்சத்தைத் தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்குள்ள இருக்கு. மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கில் வரைக்கும் சூரியன் மறையாது. ரீமேக் கதை நடக்கிற நைட்மியூட்ங்கிற ஊர் அலாஸ்காவில் நிஜமாவே இருக்கு, ஆனா 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேல. கோடையிலும் அங்க சூரியன் சில மணி நேரம் மறையும். படத்தில் தெரியிற மலையும் மரமும் பெரும்பாலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. த்ரில்லர்னா இருட்டுன்னு பழகின கண்ணுக்கு ரெண்டு படமும் வெள்ளையைக் காட்டுது. நார்வே ஒளிப்பதிவில் அறைக்குள்ளயே வெளிறின வெளிச்சம் தேங்கி நிக்குது. ட்ரோம்ஸோக்காரரே ஆன கெய்ர் யென்சனின் மின்னணு இசை அதுமேல மெல்லிசா ஓடுது. நோலன் படத்தில் தூக்கமின்மையைச் சுமக்கிறது எடிட்டிங். டோடி டார்ன் வெட்டின அந்த நொடிநேரத் துண்டுகளைப் பார்த்தா நமக்கே கண் எரியும்.

ஒரு விஷயத்தில் ரீமேக் தெளிவா ஜெயிக்குது: கொலைகாரனா நடிச்ச ராபின் வில்லியம்ஸ். கிட்டத்தட்ட பாதிப் படம் வரை முகத்தைச் சரியாக் காட்டாம, போனில் மென்மையான குரலா மட்டும் வர்றார். ‘நாம ரெண்டு பேரும் ஒரே ஜாதி’ங்கிற தொனியில் அவர் பேசப் பேச, டோர்மரால மறுக்க முடியாம போகுது.

[திரையில்: காலித் தோட்டா]

முடிவில் ரெண்டு படத்திலும் உள்ளூர்ப் பெண் போலீஸ் கையில், கூட்டாளியைச் சுட்டது யார்னு காட்டிக்கொடுக்கிற ஒரு காலித் தோட்டா. ரீமேக்கில் அந்தப் போலீஸ் எல்லிகிட்ட, அதை வீசாதே, வழி தவறிடாதேன்னு சொல்லிட்டு டோர்மர் உயிரை விடுறார். கணக்கு நேராகுது. முன்ன எழுப்பின அந்த நல்ல கேள்வியின் கூர்மையும் அதோட போயிடுது. நார்வே படத்தில் ஹில்டேங்கிற பெண் போலீஸ் அந்தத் தோட்டாவை எங்ஸ்ட்ரமிடமே கொடுத்துட்டுப் போறார். அவர் அதோட ஊரை விட்டுக் கிளம்புறார், தண்டனை எதுவும் இல்லாம.

ரெண்டையும் பார்க்கிறதா இருந்தா, ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டுற நார்வே படத்தை முதல்ல பாருங்க. டோர்மரை முதல்ல பார்த்துட்டா, எங்ஸ்ட்ரமுக்கும் ஒரு காரணம் வரும்னு கடைசி வரைக்கும் காத்துக்கிட்டே இருப்பீங்க. வராது.