சூடானால் மட்டும் நின்றுபோகும் கார்: கோளாறைப் பிடிப்பது எப்படி?

[திரையில்: பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு, மாலை நெரிசல்]

வணக்கம். காலையில் அல்சூரில் வண்டியை எடுக்கிறீர்கள், ஒரே செல்ஃபில் ஸ்டார்ட். சாயங்காலம் சில்க் போர்டில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் பொசுக்கென்று அணைகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. பின்னால் ஒரே ஹாரன். ஓரமாகத் தள்ளி நிறுத்தி, அரைமணி கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டால், "ஸ்கேனர் போட்டுப் பார்த்தாச்சு சார், எரர் எதுவும் இல்லை" என்பார்கள். பொய்யில்லை. அவர்கள் பார்த்தது ஆறிப்போன எஞ்சினை. இந்த மாதிரிக் கோளாறைச் சூட்டோடு சூடாகப் பிடித்தால்தான் உண்டு.

பெட்ரோல் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது கிராங்க் சென்சாரை. எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதுதான். அந்தச் சிக்னல் வராவிட்டால் ஸ்பார்க்கும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. பல வண்டிகளில் இதற்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடும். ஆறியதும் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று கவனியுங்கள். எஞ்சினை அணைத்ததும், அதைக் குளிர வைக்கும் கூலன்ட் சுற்றுவதும் நின்றுவிடுகிறது. அதனால் அடுத்த சில நிமிடங்களுக்கு பானெட்டுக்குள் சூடு ஏறத்தான் செய்யும். டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது அதனால்தான்.

[திரையில்: ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் பிளக்]

சரி, வண்டி நின்றுவிட்டது. என்ன பார்ப்பது? புளூடூத் ஸ்கேனர் ஒன்று கையில் இருந்தால் போதும். செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பாருங்கள். 200 பக்கம் காட்டினால் சென்சார் வேலை செய்கிறது. பூஜ்யத்திலேயே நின்றால் சென்சார், இல்லாவிட்டால் அதன் ஒயர். கை எட்டும் இடத்தில் சென்சார் இருந்தால், ஈரத்துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் வையுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் ஆள் அகப்பட்டார். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலில் இந்த ஈரத்துணி வேலை வேண்டவே வேண்டாம்.

ஆர்பிஎம் வருகிறது, ஆனாலும் பிடிக்கவில்லையா? சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்குக் கீழே இரண்டு விநாடி 'ம்ம்' என்று பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பம்ப் அல்லது அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே. டேங்கில் எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும். பம்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

பம்பும் சரி, பெட்ரோல் வாசனை மட்டும் தூக்கலாக இருக்கிறது என்றால், ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்போது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும். அதில் ஸ்டார்ட் ஆனால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: ஒழுகும் இன்ஜெக்டராக இருக்கலாம், கூலன்ட் சென்சாராகவும் இருக்கலாம். கூலன்ட் சென்சாரைச் சோதிப்பது சுலபம். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஓடி நன்றாகச் சூடான பிறகு கூலன்ட் 90 டிகிரி பக்கம் வர வேண்டும். அப்போதும் 40 என்று காட்டினால், எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும்.

நிற்கவில்லை, சூடானதும் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் திணறுவது) மட்டும்தான் என்றால் இக்னிஷன் காயில். பி 0301 என்று எரர் வந்தால் முதல் சிலிண்டர். அந்தக் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். எரர் 0303 என்று மாறினால் காயில்தான். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள்.

[திரையில்: ஜேசி ரோடு ஸ்பேர் கடைகள்]

ஜேசி ரோட்டுக்கு ஓடும் முன் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அங்கே விலை மலிவான கிராங்க் சென்சார் நிறையக் கிடைக்கும். இந்த ஒரு பொருளில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள், கம்பெனி பார்ட் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

சூடான ஐடிலிங்கில் சிவப்பு ஆயில் லைட் மினுக்கினால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அப்போதே அணைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.