ஒரு குடம் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் சாலைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். எந்த நாட்டுச் சாலை உசத்தி என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பீர்கள். முப்பது வருடம் சாலை போட்டவனிடம் இருப்பது ஒரே ஒரு பேச்சுதான்: தண்ணீர். எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்துச் சாலை. ரோலர் ஓடி முடிந்து, கருகருவென்று மின்னியது. நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் மேஸ்திரி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்து நடுச்சாலையில் சாய்த்தார். இரண்டு பக்கமும் பிரிந்து ஓட வேண்டிய தண்ணீர், நாலடி போய் வட்டமாக உட்கார்ந்துகொண்டது. "இங்கேதான் சார் குழி விழும்" என்றார். ஐப்பசி மழையில் விழுந்தது. அதே இடத்தில்.

சாலையைக் கெடுப்பது லாரி என்கிறோம். லாரிக்குப் பங்கு உண்டு. ஆனால் கதவைத் திறந்துவிடுவது தண்ணீர். தாரில் இருக்கும் வெடிப்புக்குள் அது இறங்கும். மேலே சக்கரம் ஏறும்போது அழுந்திப் பீச்சும். ஜல்லியை விட்டுத் தார் கழன்றுகொள்ளும், அடிமண் கரைந்து வெளியே வரும். மழை விட்டதும் குழியைச் சுற்றிச் செம்மண் கறை படிந்திருக்குமே, அது சாலையின் வயிற்றிலிருந்து வந்த மண்.

இதை இருநூறு வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார் ஒருவர், ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்கடம். 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகள் அவர் பொறுப்புக்கு வந்தன. அடியில் பாறாங்கல் அடுக்கினால்தான் சாலை நிற்கும் என்று பலர் நம்பிய காலம் அது. பாரம் தாங்குவது கல் அல்ல, அடிமண். அதை நனையாமல் காத்தால் எந்த வண்டியையும் தாங்கும் என்றார் மெக்கடம். சாலையைச் சுற்றுத்தரையைவிட உயர்த்தினார், நடுவில் லேசாக மேடு வைத்தார், ஓரத்தில் வடிகால் வெட்டினார், மேலே சிறு கற்களைப் பரப்பினார். சக்கரம் ஏற ஏற அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நம் தாத்தாக்கள் கப்பி ரோடு என்றது இந்த வம்சம்தான். ஒரு கல் ஆறு அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராம், அதற்கு மேல் கூடாது. தராசு இல்லாதவர் வாயில் போட்டுப் பார்ப்பாராம். நுழையாவிட்டால் மறுபடி உடைக்க வேண்டும். ஓரிடத்தில் எல்லாமே பெரிய கற்களாகக் கிடக்க, ஏன் என்று விசாரித்தால், கல்லுடைத்த கிழவருக்குப் பொக்கை வாயாம்! கட்டுக்கதையாகவே இருக்கட்டும், புதிதாக வரும் பொறியாளர் யாருக்கும் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

கனடாவில் மழையைவிடப் பனி உருகும் பருவம்தான் பயம். உறைந்த அடிமண் மேலிருந்து இளகும். கீழே இன்னும் இறுகியிருப்பதால் நீர் வடிய வழியில்லை. அந்தச் சில வாரங்களுக்குப் பல மாகாணங்களில் லாரி ஏற்றும் எடையையே குறைத்துவிடுகிறார்கள். பார்த்தீர்களா, மறுபடியும் தண்ணீர்.

எஸ்தோனியாவிலோ தண்ணீரே சாலையாகிவிடுகிறது. கடுங்குளிரில் பால்டிக் கடல் உறைந்தால் ஹீயுமா தீவுக்குச் சுமார் 25 கிலோமீட்டர் பனிக்கட்டிச் சாலை திறப்பார்கள். அதில் சீட் பெல்ட் போடக் கூடாது. பனிக்கட்டி உடைந்தால் உடனே வெளியேற வேண்டுமே. மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஊர்ந்து போகலாம், அல்லது 40-லிருந்து 70-க்குள் ஓட்டலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட வேகம் ஆகாது. அடியில் எழும் அலை வண்டியோடு சேர்ந்துகொண்டு பனிக்கட்டியைப் பிளந்துவிடக்கூடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் உயர்கிறது. ஒரு நிமிடம்தான் என்கிறார்கள். நெதர்லாந்து நெடுஞ்சாலைகளில் பெரும்பாலானவை மழைநீரை உள்வாங்கி ஓரத்துக்கு வடிக்கும் தார்க்கலவையால் ஆனவை என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே பூசி, நம் வீட்டு வாசலைப் பள்ளமாக்கும் வழக்கத்தைப் பற்றியும் நாலு வார்த்தை வைத்திருந்தேன். அதற்கு இன்னொரு நாள் அழைக்கட்டும். இன்று மழை பெய்தால் உங்கள் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து வையுங்கள். வணக்கம்.