பேரனுக்குப் போட்ட ஊசி

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் தாத்தா பாட்டிகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை மனதில் வைத்துத்தான் பேச வந்தேன். ஆனால் பேசப்போவது ஜப்பான் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி.

1957-இல் ஆசிய ஃப்ளூ உலகையே ஆட்டிவைத்தது. ஜப்பானையும் அது விடவில்லை. ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை இருமினால் போதும், நாலு நாளில் பாதி வகுப்பு படுத்துவிடும். அங்கிருந்து காய்ச்சல் நேராக வீட்டுக்குப் போகும். வீட்டில் பாட்டி இருப்பார். எனவே 1962-இல் ஜப்பான் பள்ளிகளிலேயே ஃப்ளூ தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக அது கட்டாயமாகவும் இருந்தது.

அப்புறம் எதிர்ப்பு வந்தது. பக்கவிளைவு என்று வழக்குகள் நடந்தன. 'பள்ளியில் காய்ச்சல் அப்படியொன்றும் குறையவில்லையே' என்றும் கேட்டார்கள். பெற்றோரின் அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1987-இல் கட்டாயம் தளர்ந்தது, 1994-இல் சட்டமே போனது.

2001-இல் ஆய்வாளர்கள் சிலர் ஜப்பானின் ஐம்பது ஆண்டு மரணக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில், குளிர்காலத்தில் கூடுதலாக நேரும் மரணங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஊசியை நிறுத்தியதும் மறுபடி ஏறின. ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. அதாவது 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஓர் உயிர். இந்தக் கணக்கை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது, அப்படித் தப்பியவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதைத்தான். ஊசி குத்தியது பேரனின் கையில்!

வயதானவர்களுக்கு ஊசி அவ்வளவாகப் பிடிப்பதில்லை, எதிர்ப்புச் சக்தி தளர்ந்திருக்கும். அதற்காக உங்கள் ஊசியை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கோ ஊசியே போட முடியாது. தாய் கர்ப்பமாக இருக்கும்போது போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் போய்ச் சேரும். சுற்றியிருப்பவர்கள்தான் இவர்களுக்கு வேலி.

சரி, எப்போது போடுவது? நம் ஊரில் ஃப்ளூ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருகிறது. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருட ஊசி இந்த வருடத்துக்கு உதவாது. மழை தொடங்குமுன், செப்டம்பரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.