வீடியோ ஓடுது, ரேடியோ மட்டும் ஓடலையா? குற்றவாளி இவர்தான்!

எல்லாப் பக்கமும் திறக்கிறது, வீடியோகூட ஓடுகிறது. ஆன்லைன் ரேடியோவைத் தட்டினால் மட்டும் 'பஃபரிங்' சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், பாவம் அது. நடுவில் ப்ராக்ஸி இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

ப்ராக்ஸி என்பது உங்களுக்குப் பதிலாக இணையத்தில் கேட்டு வாங்கித் தரும் சர்வர். போதும், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: நோட்பேடில் திறந்த எம்3யூ ஃபைல், அதாவது ரேடியோ லிங்கைத் தட்டினால் வரும் பிளேலிஸ்ட்]

நீங்கள் கிளிக் செய்த ஃபைலில் பாட்டே இல்லை, பார்த்தீர்களா? ஒரு முகவரி, கடைசியில் 8000 என்ற போர்ட், அதாவது சர்வரின் கதவு எண். ஃபைலை பிரௌசர் ப்ராக்ஸி வழியாக வாங்கிவிட்டது. அந்த முகவரிக்குப் போவது பிளேயர். அதற்கு ப்ராக்ஸி இருப்பதே தெரியாமல் நேராகப் போய் நெட்வொர்க்கின் காவலாளியான ஃபயர்வாலில் முட்டுகிறது. விஎல்சி போன்ற பிளேயர்களில் ப்ராக்ஸி முகவரியைத் தனியாகக் கொடுக்க இடம் உண்டு.

கொடுத்தும் ஓடவில்லையா? ஒரு முகவரியைக் கேட்டு, வரும் பதிலைக் காட்டும் கர்ல் கமாண்டை எடுங்கள்: மைனஸ் வி, மைனஸ் எக்ஸ் (இரண்டும் சின்ன எழுத்து), ப்ராக்ஸி முகவரி, அப்புறம் ஸ்ட்ரீம் முகவரி. 407 வந்தால் ப்ராக்ஸி பாஸ்வேர்ட் கேட்கிறது. 403 வந்தால் பெரும்பாலும் ப்ராக்ஸியின் தடை. உதாரணமாக, ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளின் இயல்பு அமைப்பில் கனெக்ட் முறைக்கு (ப்ராக்ஸி வழியாகச் சுரங்கப்பாதை கேட்பது) 443 போர்ட் மட்டும்தான் அனுமதி, அந்த முறையில் 8000 கேட்டால் தடைதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது வகை. பிழையும் வராது, ஒரு பைட் சத்தமும் வராது. சும்மா நிற்கும்! காரணம், சில ப்ராக்ஸிகள் வைரஸ் இருக்கிறதா என்று முழு ஃபைலையும் வாங்கிப் பார்த்த பிறகுதான் உங்களிடம் தரும். நேரலை ரேடியோ முடிவே இல்லாத ஃபைல். 128 கேபிபிஎஸ் ஸ்ட்ரீம் நொடிக்கு 16 கிலோபைட், மணிக்கு ஏறக்குறைய 57 எம்பி வந்துகொண்டே இருக்கும். கடிதத்தை முழுசாகப் படித்த பிறகுதான் தருவேன் என்று நிற்கிற தபால்காரர். கடிதமோ இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை!

ஆன்லைன் ரேடியோ ஒலிபரப்பும் பழைய ஷவுட்காஸ்ட் சர்வர்கள் இன்னொரு வேடிக்கை. 'எச்டிடிபி 200 ஓகே' என்று பதில் தொடங்க வேண்டிய இடத்தில் 'ஐசிஒய் 200 ஓகே' என்று தொடங்கும். கறாரான ப்ராக்ஸி இதைப் பதிலாகவே ஏற்காது.

அப்படியானால் வீடியோ எப்படி ஓடுகிறது? எச்எல்எஸ் போன்ற முறைகளில் அது சில நொடித் துண்டுகளாக வருகிறது. ஒவ்வொரு துண்டும் முடிந்துவிடும், ப்ராக்ஸிக்கும் நிம்மதி. உங்கள் ரேடியோ எச்எல்எஸ் லிங்க் தருகிறதா என்று தேடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் சுலபமான வழி. இல்லையென்றால் அந்த முகவரிக்கு மட்டும் ஸ்கேனிங் வேண்டாம் என்று நெட்வொர்க் அட்மினிடம் கேளுங்கள். நல்ல மூடில் இருக்கும்போது.

இன்னும் மாட்டிக்கொண்டிருந்தால் கர்ல் காட்டியதை கமெண்டில் போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம். 'ப்ராக்ஸி ஆதரைசேஷன்' என்ற வரி இருந்தால் அழித்துவிட்டுப் போடுங்கள். 'பேசிக்' என்று தொடங்கினால் அது உங்கள் பாஸ்வேர்டேதான், லேசாக வேஷம் போட்டிருக்கும்.