தரைத்தளத்தில் யார் இருப்பார்கள்?

(பழைய வண்ணாரப்பேட்டையில் சிறு கடைக்காரர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருப்பவர்களுக்கும், கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் வணக்கம். நான் உங்களைப் போன்றவர்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும்போது தரைத்தளத்துச் சிறு கடைகள் என்ன ஆகின்றன என்பதையும் எனவே கடன் நோட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அரசின் வீட்டு வாரியம் கட்டிய குடியிருப்பு ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே ஓர் அக்கா மளிகைக்கடை வைத்திருந்தார். அவருடைய நோட்டில் ஒருவர் பெயரும் இருக்காது. ‘மூன்றாம் மாடி ஐஸ்காரர்’, ‘போட் டிரைவர் வீடு’, ‘டெய்லர் மாமியார்’ என்றுதான் எழுதியிருப்பார். காசிமேட்டில் படகு கரை சேர்ந்தால் அன்று மாலையே பாதிக் கணக்கு தீரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் நோட்டு பெருத்துக்கொண்டே போகும். எந்த வங்கி இப்படிக் கடன் கொடுக்கும்?

புதிதாகக் கட்டுவதற்காக அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கூரைக் காரை சோற்றுத் தட்டில் விழுந்த வீடுகள் அவை. குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை வந்தது, அக்காவுக்கும் வந்தது. அது வீட்டுக்கு. கடை எந்தப் படிவத்திலும் இல்லை. வாடிக்கையாளர்கள் மணலி, மாதவரம், செங்குன்றம் என்று வாடகை மலிந்த பக்கம் போனார்கள். நோட்டில் நின்றுபோன பாக்கி பதினோராயிரத்துச் சொச்சம். “யாரும் ஏமாத்தலைப்பா, வர்ற வழியில கடை இல்லை, அவ்வளவுதான்” என்றார் அக்கா. இன்றுவரை அந்தப் பக்கங்களை அவர் அடிக்கவில்லை.

தனியார் மனைகளில் கதை வேறு. இரண்டு கடையும் ஒரு திண்ணையும் இருந்த ஓட்டு வீட்டை இடித்து ஐந்து மாடி எழுப்புகிறார்கள். விதிப்படி வண்டி நிறுத்த இடம் விட வேண்டும்; தரைத்தளம் முழுவதும் ஸ்டில்ட், அதாவது தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம், ஆகிவிடுகிறது. அயர்ன் வண்டி நின்ற இடத்தில் இரும்பு கேட். இரவு ஒன்பதரைக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். முன்பு சைக்கிள் கடை, மாவு மில், அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டி என்று வரிசையாக பல்பு எரியும். டியூஷன் முடிந்து வரும் பெண் குழந்தைக்கு அதுவே காவல். இப்போது காரின் முகப்புக் கண்ணாடியில் நம் முகம்தான் தெரிகிறது. கார் கடன் கொடுக்காது. யார் வீட்டுக்கு யார் வந்தார் என்றும் சொல்லாது.

வளர்ச்சி வேண்டாம் என்று பேச நான் வரவில்லை. வண்ணாரப்பேட்டை–விம்கோ நகர் மெட்ரோ 2021 பிப்ரவரி 14 அன்று ஓடத் தொடங்கியது. அதில்தான் நானும் போகிறேன். ஆனால் அதற்கு முன், மெட்ரோ வேலைக்காக அடைத்த தகர வேலிக்குப் பின்னால் கடை நடத்திய ஆண்டுகளின் விற்பனைக் கணக்கு என் பீரோவில் இருக்கிறது. ரயில் வந்த பிறகு கூட்டம் வந்தது உண்மை. அதுவரை தாக்குப்பிடித்தவர்களுக்கு!

வாடகைக் கடைக்காரர்கள் இதைக் கவனியுங்கள். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. நம்மில் பலரிடம் இருப்பது ‘அண்ணாச்சி பார்த்துக்கொள்வார்’ என்ற வாய்வார்த்தை. அண்ணாச்சி பார்த்துக்கொண்டார், அவர் மகன் பில்டரைப் பார்த்துவிட்டார். தள்ளுவண்டிக்காரர்களுக்காவது 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் உண்டு. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடம் அவர்களுக்கு. படிக்குக் கீழே கடை வைத்த அக்காவுக்கு எந்தக் குழுவில் நாற்காலி?

நாம் கேட்கப்போவது ஒன்றுதான்: வீட்டைக் கணக்கெடுக்கிற நாளிலேயே கடையையும் கணக்கெடுங்கள்; புதிய கட்டடத்தின் தெருமுகத்தில் பழைய கடைக்காரருக்கு முதலில் இடம் கொடுங்கள்.

வாசலில் நானூறு பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். தெரு, தொழில், எத்தனை வருடம், ஒப்பந்தம் பதிவானதா என்று எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரியில் அக்கா எழுதிவிட்டார்: ‘மாடிப்படிக்குக் கீழே, 22 வருடம்’.