மணியோசை அடங்கும் விதம்

நேயர்களுக்கு வணக்கம். எஃப்.எம். என்றதும் நமக்கு ரேடியோதான் நினைவுக்கு வரும். பள்ளியில் இயற்பியல் படித்தவர்களுக்கு ‘அதிர்வெண் பண்பேற்றம்’ என்ற பெயரும் நினைவிருக்கலாம். ஒலிபரப்புக்கு உதவும் அதே கணக்கை வைத்துக் கம்ப்யூட்டரில் புதிய ஒலிகளையே உண்டாக்க முடியும். அந்த முறையில் கோயில் மணியோசையை உண்டாக்குவது பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நாகசுர வித்வான் ஒரு ஸ்வரத்தில் நின்று அதை அசைப்பதைக் கேட்டிருப்பீர்கள். வினாடிக்கு ஐந்தாறு முறை அசைந்தால் காதுக்கு அது அசைவாகவே தெரியும். அதையே வினாடிக்கு நூறு, இருநூறு முறை என்று வேகப்படுத்தினால் அசைவு மறைந்து, ஒலியின் குணமே மாறிவிடும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-இல் இதைக் கண்டுபிடித்தார். 1973-இல் கட்டுரையாக எழுதினார். யமஹா நிறுவனம் உரிமம் வாங்கி, 1983-இல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டைக் கொண்டுவந்தது. இன்று அந்தக் கீபோர்டு தேவையே இல்லை. அதைப் போலவே இயங்கும் டெக்செட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

அதில் ஆறு ஆபரேட்டர்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் எளிய அலையை எழுப்பும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஆறையும் ஒன்றாகத் தொட்டுக் குழம்பிப்போகிறார்கள். எந்த ஆபரேட்டர் எதை அசைக்கும் என்று காட்டும் அமைப்புக்கு அல்காரிதம் என்று பெயர். ஐந்தாம் அல்காரிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் அவை மூன்று ஜோடிகளாக நிற்கும். முதல் ஜோடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கின் அளவையும் பூஜ்யமாக்குங்கள். ஒன்றாம் ஆபரேட்டர் தனியாக ஒலித்தால் இசைக்கவை போல மொட்டையாக இருக்கும். இரண்டாவதை மெல்ல ஏற்றுங்கள். அது நம் காதுக்கு நேராக வராது. முதலாவதை அசைக்க மட்டுமே செய்யும். அந்த அசைவில்தான் ஒலிக்கு நிறம் ஏறுகிறது.

இரண்டுக்கும் ஒரே அதிர்வெண் வைத்தால் எக்காளம் போலக் கணீரென்று வரும். இரண்டாவதை இரட்டிப்பாக்கினால் கிளாரினெட் சாயல். சரி, 1.4 மடங்கு வைத்தால்? முதலாவது 200 ஹெர்ட்ஸ், இரண்டாவது 280 என்று கொள்வோம். 200-உடன் 280-ஐத் திரும்பத் திரும்பக் கூட்டினால் வரும் 480, 760, 1040 என்று புது ஒலிகள் முளைக்கும். அதேபோலக் கழித்து, கழித்தல் குறியை விட்டுவிட்டால் 80, 360. இவற்றில் ஒன்றுகூட 200-இன் முழு மடங்கு இல்லை. அந்தப் பொருந்தாமைதான் மணிக்கே உரிய உலோகத் தன்மை.

ஆனால் இதோடு மணி வந்துவிடாது. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குச் சாயரட்சை நேரத்தில் போனால், மணியின் கடைசி அடியை மட்டும் கூர்ந்து கேளுங்கள். அடி விழும் நொடியில் சில்லென்ற ஓசைகள் சிதறும். அவைதான் முதலில் மறையும். அப்புறம் தாழ்ந்த சுருதியில் ஒரு ரீங்காரம் மட்டும் நெடுநேரம் தங்கும். அதனால் இரண்டாம் ஆபரேட்டரைச் சீக்கிரம் அடங்க விடுங்கள், முதலாவதை மெதுவாக. டெக்செட்டில் ரேட் என்பது வேகம், நேரம் இல்லை. எண் கூடினால் ஒலி விரைவாக அடங்கும். என்னைக் கேட்டால், மடங்கை விட இந்த அடங்கும் விதத்துக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தயாராகக் கிடைக்கும் மணி ஒலிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. நான் கேட்டவரை எதிலும் நம் ஊர் மணி இல்லை.

இன்னொன்று. வார்ப்பட மணி எதுவும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருப்பதில்லை. அதனால் ரீங்காரம் ஏறி இறங்கி அலையடிக்கும். இரண்டாம் ஜோடியையும் முதல் ஜோடி போலவே அமைத்து, மூன்றாம் ஆபரேட்டரின் டிட்யூனை, அதாவது சுருதியை இம்மியளவு விலக்கும் அமைப்பை, இரண்டு படி நகர்த்துங்கள். அந்த அலை வந்துவிடும். நான் முதலில் அதைச் சற்று வேகமாக வைத்துவிட்டேன். மறுநாள் மாலை கோயிலில் தூணோரம் நின்று விரலால் தாளம் போட்டு எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஒரு படி குறைத்தேன்.

நன்றி, வணக்கம்.